150 வார்த்தைக்குள் ஒரு கேள்வி

டெல்லியில் நான் எழுதிக் கொடுத்த முதல் நாடாளுமன்றக் கேள்வி அனுமதி கிடைக்காமல் திரும்பி வந்தது. யாரையும் குறை சொல்ல வழியில்லை, தப்பு முழுக்க என்னுடையது.

சட்டப் படிப்பு முடித்த கையோடு தமிழ்நாட்டு மக்களவை உறுப்பினர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். 2021 குளிர்காலக் கூட்டத்தொடருக்கு இன்னும் சில வாரம்தான். முனிர்காவில் ஒரு மாடி அறை, எம்.பி. வீட்டு முன்கூடத்தில் ஒரு மேசை, நாலு பக்கத்துக்கு ஒருமுறை பேப்பர் சிக்கும் ஒரு பிரிண்டர். சேர்ந்த இரண்டாம் நாள் சார் கூப்பிட்டுச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை டிஃபென்ஸும் லாவும் வருதும்மா. ரெண்டுக்கும் கேள்வி எழுதி வை."

எந்த அமைச்சகம் எந்தக் கிழமை பதில் சொல்ல வேண்டும் என்று அவையில் ஒரு முறை உண்டு. நான் வேலை பார்த்த காலத்தில் மக்களவையில் பாதுகாப்புக்கும் சட்டம், நீதிக்கும் வெள்ளிக்கிழமை விழுந்திருந்தது. வெள்ளி கொஞ்சம் பாவப்பட்ட கிழமை. மதியத்துக்கு மேல் அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களும் தீர்மானங்களும்தான் என்பதால் பலர் வியாழன் இரவு விமானத்திலேயே தொகுதிக்குக் கிளம்பிவிடுவார்கள். எங்கள் சார் வெள்ளிக்கிழமையும் உட்கார்ந்திருக்கும் ரகம். அதனாலேயே அவருக்கு அந்த இரண்டு அமைச்சகங்கள் மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

என் கையில் அப்போது ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தாரின் காகிதங்கள் இருந்தன. வேலூர்ப் பக்கம், வீட்டுக்கு ஒருவர் ராணுவத்துக்குப் போகும் ஊர்களில் ஒன்று. பீரங்கிப் படையில் இருந்தவர், இடது காது கேட்காது. உடற்குறைபாடு 30 சதவீதம் என்று மருத்துவக் குழு எழுதியிருக்கிறது. ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி, பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கும் உடற்குறைபாடு 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஓய்வூதியத்துக்கு அதை 50 ஆக உயர்த்திக் கணக்கிட வேண்டும். பக்கத்துத் தெருக்காரர் வழக்குப் போட்டு அதை வாங்கிவிட்டார். இவர் போடவில்லை, அதனால் வரவில்லை. ஓய்வூதியம் பார்க்கும் ஓர் அலுவலகத்துக்கும் இன்னோர் அலுவலகத்துக்கும் நடந்து களைத்து, கடைசியில் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருந்தார்.

எனக்குக் கொதித்தது. ஒரே மூச்சில் கேள்வியை எழுதினேன். நாட்டுக்காகக் காதைக் கொடுத்த ஒரு வீரரை அரசு இப்படி அலைக்கழிப்பது வெட்கக்கேடு அல்லவா, அமைச்சர் அவருக்கு எப்போது நியாயம் வழங்குவார், என்கிற தோரணையில் இருந்தது அது. மேடைக்குச் சரி. மக்களவை விதி 41-க்குச் சரியில்லை. கேள்வியில் வாதம் கூடாது, ஊகம் கூடாது, கிண்டல் கூடாது, குற்றச்சாட்டு கூடாது, அடைமொழி கூடாது. நீதிமன்றத்திலோ தீர்ப்பாயத்திலோ நிலுவையில் உள்ள விவகாரத்தை வழக்கமாகக் கேட்கக் கூடாது. மொத்தம் 150 வார்த்தைக்கு மேல் போகவும் கூடாது. நான் வார்த்தைக் கணக்கை மட்டும் காப்பாற்றியிருந்தேன்.

சாரிடம் 20 வருஷத்துக்கு மேல் இருந்த தனிச் செயலர் ஒருவர் உண்டு. ஆர்.கே.புரத்தில் குடியிருப்பு, மலை மந்திருக்குப் போகாமல் செவ்வாய்க்கிழமை வேலைக்கு வரமாட்டார். எல்லாருக்கும் அவர் அண்ணாதான். திரும்பி வந்த தாளைப் பார்த்துவிட்டு, "கோபம் உனக்கு. கேள்வி அவருக்கா?" என்று கேட்டார். அப்புறம் ஒரு பென்சிலை எடுத்து என் தாளில் இருந்த எல்லா 'ஏன்'களையும் அடித்தார். ஏன் என்று கேட்டால் அமைச்சகத்தில் பதில் எழுதுபவருக்கு ஒரு பத்தி இடம் கிடைக்கும். அந்த இடத்தில் அவர் அரசின் கொள்கையை எழுதிவிட்டுப் போய்விடுவார். எத்தனை, எந்தத் தேதியிலிருந்து, எந்த ஆணையின்படி என்று கேட்டால் ஒன்று எண் வர வேண்டும், இல்லை எண் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் முறை எழுதியது இப்படி வந்தது. (அ) உடற்குறைபாட்டு ஓய்வூதியம் தொடர்பாகத் தீர்ப்பாயத்தின் ஒவ்வோர் அமர்விலும் நிலுவையில் உள்ள மனுக்கள் எத்தனை. (ஆ) கடந்த மூன்று ஆண்டுகளில் மனுதாரருக்குச் சாதகமாக முடிந்தவை எத்தனை. (இ) அவற்றில் அரசு மேல்முறையீடு செய்தவை எத்தனை. (ஈ) இந்த வகை வழக்குகளைக் குறைக்க 2015-இல் அமைக்கப்பட்ட வல்லுநர் குழுவின் பரிந்துரைகளில் இதுவரை ஏற்கப்பட்டவை எவை. ஹவில்தார் பெயர் இல்லை, வேலூர் இல்லை, காது இல்லை. 70 வார்த்தை கூட வரவில்லை. அனுமதி கிடைத்தது.

எம்.பி.யிடம் மனு கொண்டுபோகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. உங்கள் தனிப்பட்ட வழக்கை அவர் கேள்வியாகப் போட முடியாது. அமைச்சருக்குக் கடிதம் எழுதலாம், அது வேறு வழி. கேள்வி வேண்டுமென்றால் உங்களைப் போல எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்து, அந்தக் கூட்டத்தைப் பற்றிய விவரமாக அதை மாற்றிக் கொடுங்கள். ஒரு பக்கம் போதும். கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு ஓடி வந்தால் பெரும்பாலும் பயனில்லை: பதில் நாளுக்குக் குறைந்தது 15 முழு நாள் முன்னால் முன்னறிவிப்பு போய்ச் சேர வேண்டும். அப்படிப் போனதும் குலுக்கல். ஒரு நாளுக்கு 20 கேள்விதான் நட்சத்திரக் குறி பெற்று அவையில் வாய்மொழியாக வரும். இன்னொரு 230 வரை எழுத்துப்பூர்வ பதிலோடு நின்றுவிடும். நட்சத்திரப் பட்டியல் பச்சைத் தாளில் அச்சாகும், மற்றது வெள்ளைத் தாளில். ஒரு உறுப்பினருக்கு ஒரு நாளில் அதிகபட்சம் ஐந்து கேள்வி, அதில் நட்சத்திரம் ஒன்றுக்கு மேல் கிடையாது.

வந்த புதிதில் பச்சை கிடைத்தால் சந்தோஷம், வெள்ளை என்றால் ஏமாற்றம் என்று இருந்தேன். அது போகச் சில மாதம் பிடித்தது. பச்சையில் வரும் 20-இல் ஒரு மணி நேரத்துக்குள் நாலைந்துதான் அவையில் எடுக்கப்படும். அமளி என்றால் அதுவும் இல்லை. 2023 பட்ஜெட் தொடரின் இரண்டாம் பாதியில் பல நாட்கள் பதினொரு மணிக்குக் கூடி சில நிமிடத்தில் கலைந்தார்கள். அந்த நாட்களிலும் வெள்ளைத் தாளுக்கான பதில்கள் மேசைக்கு வந்துகொண்டுதான் இருந்தன. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காட்டிக் கேள்வி நேரத்தையே நிறுத்தியபோதுகூட எழுத்துப்பூர்வ பதில்களை நிறுத்தவில்லை. தொலைக்காட்சியில் தெரிவது பச்சை, கையில் நிற்பது வெள்ளை.

சட்ட அமைச்சகத்துக்கான கேள்வியில் நான் வேறு விதமாக அடி வாங்கினேன். சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழை வழக்காடு மொழியாக்குவது எப்போது என்று எழுதிக்கொண்டு போனேன். அண்ணா சிரித்தபடி தன் கணினியில் ஒரு பிடிஎஃப்பைத் திறந்தார். அந்தப் பத்தி எனக்கு இப்போது மனப்பாடம். உயர் நீதிமன்ற மொழி பற்றிய அரசியலமைப்பின் 348(2) பிரிவு. உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம் அல்லாத மொழி பற்றிய எந்த முன்மொழிவுக்கும் இந்தியத் தலைமை நீதிபதியின் இசைவைப் பெற வேண்டும் என்ற 1965 மே 21 அமைச்சரவைக் குழு முடிவு. தமிழ்நாடு உட்பட சில மாநிலங்கள் கேட்டதை 2012 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அனைவரும் கூடி ஏற்க மறுத்தது. தமிழ்நாடு மீண்டும் கேட்டதன் பேரில் 2014 ஜூலையில் மறுபரிசீலனைக்கு அனுப்பியது. 2016 ஜனவரி 18 கடிதத்தில் அதுவும் மறுக்கப்பட்டது. யார் கேட்டாலும், எந்தக் கட்சி கேட்டாலும், எந்த அமைச்சர் கையெழுத்திட்டாலும் இதே பத்தி.

"இது வரும்னு தெரிஞ்சே கேட்டா அது கேள்வி இல்ல, கச்சேரி," என்றார். கச்சேரியும் அரசியலுக்குத் தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புதிதாக ஒரு தகவல் வேண்டுமென்றால் அந்தப் பத்தியை முதலில் படித்துவிட்டு, அது தொடாத இடத்தில் கேட்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2019-இலிருந்து தன் தீர்ப்புகளைச் 'சுவாஸ்' என்ற மென்பொருள் உதவியோடு மொழிபெயர்த்து வருகிறது. அதில் தமிழுக்கு வந்தவை எத்தனை, அதைச் சரிபார்க்க எத்தனை மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். இதற்குப் பழைய பத்தி உதவாது. யாராவது உட்கார்ந்து எண்ணித்தான் ஆக வேண்டும்.

இப்படி நிலைத்துப்போன பதில்கள் நீதித்துறை விஷயத்தில் நிறைய. உயர் நீதிமன்ற நீதிபதிகள் காலியிடம் பற்றிக் கேட்டால், நியமனம் என்பது நிர்வாகத்துக்கும் நீதித்துறைக்கும் இடையிலான தொடர்ச்சியான கூட்டு நடைமுறை என்று வரும். மாவட்ட, முன்சீப் நீதிமன்றக் காலியிடம் பற்றிக் கேட்டால், அது உயர் நீதிமன்றத்துக்கும் மாநில அரசுக்கும் உரியது, மத்திய அரசுக்கு நேரடிப் பங்கு இல்லை என்று வரும். உச்ச நீதிமன்றக் கிளையைச் சென்னையில் அமைக்கக் கேட்டால், அது தொடர்பான விஷயம் 2016-இல் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இதையெல்லாம் நழுவல் என்றே ரொம்ப நாள் நினைத்தேன். பாதி அப்படித்தான். மீதிப் பாதி, அமைச்சரிடம் இல்லாத அதிகாரத்தை அவரிடம் கேட்ட நம் பிழை. கீழமை நீதிமன்றக் கட்டடங்களுக்கு மத்திய அரசு 1993-94 முதல் பணம் தருகிறது. தமிழ்நாட்டுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவானது, எத்தனை நீதிமன்ற அறைகள் முடிந்தன என்று கேட்டால் மாநிலத்தைக் கைகாட்ட முடியாது.

பெரிய எண்களும் இப்படித்தான் வெளியே வருகின்றன. நாட்டில் நிலுவை வழக்குகள் 5 கோடியைத் தாண்டிவிட்டன என்ற செய்தியை 2023 ஜூலையில் எல்லாப் பத்திரிகைகளும் போட்டன. அது சட்ட அமைச்சர் அர்ஜுன் ராம் மேக்வால் மாநிலங்களவையில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்த பதில். யாரோ ஓர் உறுப்பினரின் அறையில் யாரோ ஓர் உதவியாளர் 'எத்தனை' என்று தட்டச்சு செய்திருப்பார்.

பாதுகாப்பில் சுவர் வேறு மாதிரி. ரகசியத்தன்மை உள்ள விஷயத்தைக் கேட்கக் கூடாது என்பது விதியிலேயே இருக்கிறது; அனுமதி கிடைத்தாலும், நாட்டின் பாதுகாப்பு கருதி வெளியிட இயலாது என்ற ஒரு வரியில் முடிந்துவிடும். எத்தனை கப்பல் எங்கே நிற்கிறது என்று கேட்டு நான் ஒரு வாய்ப்பை வீணாக்கியிருக்கிறேன். பணத்தையும் வேலைவாய்ப்பையும் கட்டுமானத்தையும் கேட்டால் நிலைமை வேறு. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என ஐந்து முனைகள். ஒவ்வொன்றிலும் கையெழுத்தான ஒப்பந்தம் எத்தனை, உண்மையில் இறங்கிய முதலீடு எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சேர்த்துக் கேட்டால் பெரிய எண் மட்டும் வரும். மீனவர் பிரச்சினையில் இன்னொரு சிக்கல்: கடலோரக் காவல்படை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ், இலங்கையோடு பேசுவது வெளியுறவு, படகும் மானியமும் மீன்வளம். தவறான கதவைத் தட்டினால் கேள்வி வேறு அமைச்சகத்துக்கு மாற்றப்படும். அதற்குள் உங்கள் கிழமை போய்விடும்.

பச்சைத் தாளில் எங்களுக்கு ஒருமுறைதான் உருப்படியாக அதிர்ஷ்டம் அடித்தது. நீதிமன்றக் கட்டமைப்பு பற்றிய கேள்வி, வரிசையில் ஐந்தாவது. அன்று எனக்கு மாடத்தில் உட்கார அனுமதிச் சீட்டும் கிடைத்தது. அமைச்சரின் கையில் தடியான ஒரு கோப்பு, ஓரமெல்லாம் வண்ணச் சீட்டு ஒட்டி. உறுப்பினர்கள் என்னென்ன துணைக் கேள்வி கேட்கலாம் என்று அதிகாரிகள் முன்கூட்டியே ஊகித்து, பதிலோடு தயார் செய்த குறிப்புகள் அவை. அதிகாரிகள் தங்களுக்கான தனி மாடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு துண்டுச் சீட்டு அமைச்சர் கைக்குப் போனதைப் பார்த்தேன். பரீட்சை எழுதும் மாணவனுக்கு ஜன்னல் வழியாக விடை போவது போலத்தான் இருந்தது, என்ன, இங்கே அது சட்டப்படி சரி.

எங்கள் முறை வந்தபோது நேரம் முடிய நாலைந்து நிமிடம் இருந்தது. சாருக்கு நான் இரண்டே வரியில் துணைக் கேள்வி எழுதிக் கொடுத்திருந்தேன்: கொடுத்த பணத்தில் செலவாகாமல் கிடப்பது எவ்வளவு, அதில் மூன்றாண்டுக்கு மேல் கிடப்பது எவ்வளவு. சார் எழுந்தார். அவைத்தலைவருக்கு நன்றி சொன்னார். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை வந்த வரலாற்றைச் சொன்னார். ஏழைகளுக்கு நீதி எட்டாக்கனி என்றார். கேள்வியைக் கேளுங்கள் என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் என் இரண்டு வரி வந்தது, அதுவும் பாதி. அமைச்சர் எழுந்து, மாண்புமிகு உறுப்பினர் மதுரைக் கிளையைப் பற்றி மிக முக்கியமான விஷயத்தைத் தொட்டார் என்று தொடங்கி, நீதியை மக்கள் வாசலுக்குக் கொண்டுசெல்ல அரசு எடுக்கும் முயற்சிகளை விவரித்தார். மணி பன்னிரண்டு.

முன்னுரையில் நாம் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் அமைச்சருக்குத் திறந்துவிடும் ஒரு கதவு என்பது அன்று மேலே இருந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அவர் கஷ்டமான கேள்வியிலிருந்து தப்பிக்க வேண்டிய அவசியமே இல்லை. சுலபமான வாக்கியத்துக்கு மரியாதையாகப் பதில் சொன்னால் போதும். கீழே வந்ததும் சார், "நல்லா வந்துச்சுல்லம்மா?" என்றார். "வந்துச்சு சார்," என்றேன். வேறென்ன சொல்ல.

ஒரு கேள்வியால் அமைச்சர் பதவியே போன காலமும் உண்டு என்று அண்ணா அடிக்கடி சொல்லுவார். அப்போது நிதியமைச்சராக இருந்த நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரிதான் அது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிகளில் போட்ட 1.24 கோடி ரூபாய் பற்றி 1957-இல் கேள்வி எழுந்தது. ஆளும் கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்த, பிரதமர் நேருவின் மருமகன் பெரோஸ் காந்தி விடாமல் துருவினார். முதல் பதிலுக்கும் பின்னால் வந்த விவரத்துக்கும் இடையில் இருந்த ஓட்டைதான் விசாரணை வரை இழுத்துக்கொண்டு போனது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் விலகினார். அண்ணாவுக்கு இந்தக் கதையில் பிடித்தது விலகல் இல்லை, பழைய பதிலை எடுத்துவைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்ட விதம். அவர் மேசை முழுக்கப் பழைய பதில்கள்தான்.

ஹவில்தார் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வெள்ளைத் தாள் கேள்விக்குப் பதில் அந்த வெள்ளிக்கிழமை மதியம் இணையதளத்தில் ஏறியது. அமர்வுவாரியாக நிலுவை எண்ணிக்கை அட்டவணையாக வந்திருந்தது. வல்லுநர் குழு பற்றி ஒரு பத்தி. மேல்முறையீடு எத்தனை என்ற (இ) பகுதிக்கு, தகவல் திரட்டப்படுகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும் என்று ஒரு வரி. எனக்குச் சப்பென்று போய்விட்டது. அண்ணாவோ அந்த வரியைத்தான் அடிக்கோடிட்டார்.

அந்த வாசகத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று அன்றுதான் கற்றேன். திரட்டப்படுகிறது, பரிசீலிக்கப்படும் என்பது போல் அமைச்சர் சொல்லும் சில குறிப்பிட்ட வாசகங்கள் அவைக்குக் கொடுத்த உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். அதைத் துரத்துவதற்கென்றே அரசு உறுதிமொழிகள் குழு என்று 1953 முதல் ஒரு குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் அமைச்சகம் கூடுதல் நேரம் கேட்டு எழுத வேண்டும். மறுத்துவிட்ட பதிலைவிட, திரட்டுகிறோம் என்ற பதில் நமக்கு லாபம். ஆனால் அது வந்து சேரும்போது யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். கேள்வி எண்ணையும் தேதியையும் குறித்து வைத்துக்கொண்டு நாமேதான் தேடிப் பார்க்க வேண்டும்.

பதிலை வேலூருக்கு அனுப்பியதும் ஹவில்தாரே போன் செய்தார். இந்தி, ஆங்கிலம் இரண்டும் படிப்பவர். "நல்லா இருக்கும்மா. ஆனா இதுல என் பேரு எங்கயும் இல்லையே?" என்றார். பெயர் இருந்திருந்தால் இந்தத் தாளே வந்திருக்காது என்று அவருக்குப் புரியவைக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. புரிந்ததா என்று இன்றும் தெரியாது. அவருடைய வழக்கறிஞருக்குப் புரிந்தது. கேள்வி எண், தேதியோடு அந்த அட்டவணையை மனுவில் இணைத்துக்கொண்டார்.

இரண்டு கூட்டத்தொடர் கழித்து, உறுதிமொழி நிறைவேற்றம் என்ற நீண்ட பட்டியலில் எங்கள் எண் வந்தது. பக்கத்தில் ஓர் இணைப்பு, அதில் மேல்முறையீட்டு எண்ணிக்கை. சார் அன்று ஊரில் இருந்தார், அண்ணா விடுப்பில். அறையில் நான் மட்டும். அச்செடுத்து, பிரிண்டரில் ஒருமுறை சிக்கி, திரும்ப அச்செடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். வழக்கு அடுத்த ஆண்டு அவருக்குச் சாதகமாக முடிந்தது. எங்கள் கேள்வியால்தான் என்று சொன்னால் அது பொய். சட்டம் ஏற்கெனவே அவர் பக்கம்தான் இருந்தது. ஆனால் வழக்கறிஞர் அந்த இரண்டு தாளையும் வைத்து அரை மணி நேரம் பேசியதாகச் சொன்னார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போகும் வழியில் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பதக்கங்கள் மாட்டியிருந்த சட்டத்துக்குக் கீழே அந்த வெள்ளைத் தாள் லேமினேட் ஆகித் தொங்கியது. "வக்கீலு ஒரிஜினல் கேட்டாருமா, குடுக்கல. ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டுப் போனாரு," என்றார். பிளாஸ்டிக்கின் மேல், (இ) பகுதிக்குப் பக்கத்தில், மார்க்கர் பேனாவால் தன் பெயரையும் படை எண்ணையும் எழுதி வைத்திருந்தார்.